பாட்டு நிற்கும் இடம்

"பாட்டு எப்படிங்க ஆரம்பிக்குது? மெதுவாவா, டமார்னா?" என்று டீச்சர் கேட்டார்.

அது என் வாலிப வயதிலிருந்து கூடவே வந்த பாட்டு. ஆனால் அது எப்படி ஆரம்பிக்கிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. பிடித்த பாட்டை நாம் எங்கே ஆரம்பத்திலிருந்து நினைத்துக்கொள்கிறோம்?

"மெதுவாத்தானுங்க. மொதல்ல டிரம்ஸ் மட்டும். பொறவு கிட்டார் வந்து சேர்ந்துக்கும்."

"நடுவுல திடீர்னு சத்தம் ஏறுதுங்களா?"

"ஏறுதுங்க."

"கீச்சுன்னு காதைக் கிழிக்கற மாதிரி ஏதாச்சும்?"

"கிட்டார் ஒரு இடத்துல கத்துமுங்க."

"எங்கயாச்சும் பட்டுன்னு நிக்குதுங்களா?"

நான் பக்கத்தில் பார்த்தேன். என் தங்கை பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தாள். தலையில் சுற்றிய துண்டு காது இரண்டையும் மூடியிருந்தது.

"நிக்குமுங்க டீச்சர். நின்னுட்டு டமார்னு மறுக்கா விழும். அந்த இடந்தானுங்க இவளுக்கு ஆகாது."

காங்கேயத்தைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புக்குள் இருந்தது அந்த இல்லம். சத்தமும் வெளிச்சமும் மேலே ஒரு கை பட்டால் அதுவும் தாங்காதவர்கள், வயது ஏறியும் தனியாக விட முடியாதவர்கள் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது வீட்டார் ஒரு பாட்டைக் கொண்டுவர வேண்டும். அது அவருடைய பாட்டு. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து ஒவ்வொருவர் பாட்டாகப் போடுவார்கள். எல்லாமே புதிதாக இருக்கும் இடத்தில் வீட்டுச் சாமான் ஒன்று இருக்கட்டும் என்பது டீச்சரின் கணக்கு. ஆனால் கூடம் ஒன்றுதான், காதுகள் பல. ஒருவருக்குத் தாலாட்டாக இருப்பது அடுத்தவருக்கு ஆணியாக இருக்கும். அதனால் டீச்சர் கேட்டுப் பார்த்துத்தான் பாட்டைச் சேர்ப்பார்.

ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறோம், மற்றவர்களோடு கூடத்தில் உட்கார்ந்துவிட்டால் இருக்கட்டும், முடியவில்லையென்றால் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்பதுதான் பேச்சு. கூட்டிக்கொண்டு போக எனக்கு இடம் இல்லை.

நான் ஏழாவது வரை படித்தவன். அதற்கு மேல் பள்ளிக்கூடமும் நானும் ஒத்துப்போகவில்லை. எங்கள் வீடு சோமனூரில், ஒரு தறிக் குடோனின் பின்சுவரை ஒட்டிய வரிசை வீடு. அந்தக் குடோனில்தான் அம்மா விசைத்தறி ஓட்டினாள். அப்பா எனக்கு முகம் பதிவதற்கு முன்பே செத்துப்போனார். எனக்கு ஓரிடத்தில் கால் நிற்காது. லாரியில் கிளீனராகப் போனேன். பெங்களூரில் தட்டுக் கழுவினேன். அங்கிருந்து கோவாவுக்குப் போய், கடற்கரையோரச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மீன் ஆய்ந்தேன். பட்டினி கிடந்தது, ஜுரத்தில் கிடந்தது எல்லாம் உண்டு. ஊர் சுற்றினவனுக்கு அது இல்லாமல் இருக்காது.

அந்தக் கடையின் சமையற்காரர் தினமும் சாயங்காலம் ஒரே கேசட்டைப் போடுவார். அதில் ஒரு பாட்டு. ராக் என்று அந்த வகைக்குப் பெயர் என்பதும், நான் பிறப்பதற்கு முன்பே உலகமெல்லாம் கேட்டுத் தேய்ந்த பாட்டு அது என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டவை. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இன்றுவரை அதில் ஒரு வரிக்கும் பொருள் தெரியாது. ஆனால் அந்த டிரம்ஸ் எங்கள் குடோன் மாதிரியே இருந்தது. ஒரே இடைவெளியில், களைக்காமல், டக்கு டக்கு என்று. கையெல்லாம் மீன் செதிலோடு, கடலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, நான் சோமனூரைக் கேட்டேன். கிளம்பும்போது சமையற்காரர் அந்தக் கேசட்டை என் பையில் போட்டுவிட்டார்.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குக் குக்கர் விசில் ஆகாது. பட்டாசு ஆகாது. சிமெண்டுத் தரையில் நாற்காலியை இழுத்தால் கீழே விழுந்து சுருண்டுகொள்வாள். மாரியம்மன் நோம்பிக்கு ஒலிபெருக்கி கட்டினால், அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு குடோனுக்குள் போய், ஓடுகிற தறிகளுக்கு நடுவே பாயை விரித்துப் படுக்கவைத்துவிடுவாள். எங்களூர் ஆட்களே போனில் பேச வெளியே ஓடிவரும் அந்தச் சத்தத்தில் அவள் தூங்கிப்போவாள். சிறுவயதில் காத்துக் கருப்பு என்று கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார்கள். வளர்ந்த பிறகு கோயமுத்தூரில் ஒரு டாக்டர் ஆட்டிசம் என்றார். நமக்குக் கேட்பது ஒன்று, அவளுக்குக் கேட்பது வேறு என்று விளக்கினார். அம்மா தலையை ஆட்டிவிட்டு, சாயங்கால ஷிப்டுக்குத் தறிக்குத் திரும்பினாள்.

அவளுக்குப் பேச்சு குறைவு. "ஓடுது" என்பதுதான் அடிக்கடி வரும் சொல். தறி ஓடினால் ஓடுது. சோறு பிடித்திருந்தாலும் ஓடுது. நான் வெளியூரிலிருந்து வந்து வாசலில் நின்றால், என் முகத்தைப் பார்க்காமல், என் சட்டைப் பொத்தானைப் பார்த்து, "ஓடுது" என்பாள். நான் செருப்பைக் கழற்றுவேன்.

கோவாவிலிருந்து வந்த அன்று அந்தக் கேசட்டைப் போட்டேன். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்து, டேப்ரெக்கார்டரின் ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். கிட்டார் வந்தது, கையை எடுக்கவில்லை. அந்த ஆள் கத்தினான், கையை எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். அவர் எல்லா வீட்டிலும் எட்டிப் பார்ப்பார்.

"ஏனுங்க தம்பி, இந்தாளுக்கு வயித்து நோவுங்களா? இந்தக் கத்துக் கத்தறான்! ஒரு மொடக்கு ஓமத் தண்ணி குடுத்தா அடங்கிப் போயிருமுங்க."

"அவன் பாடறானுங்க அக்கா."

"பாடறானா? நா அவனைப் பல்லுப் புடுங்கறாங்கன்னு நெனச்சுப்போட்டேன்."

அம்மா சிரித்தாள். அந்த நேரத்தில்தான் பாட்டில் அந்த இடம் வந்தது. எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும்போது கை வெட்டினாற்போல ஒரு நிறுத்தம். ஒரு மூச்சு நேரம்கூட இருக்காது. பிறகு மொத்தச் சாமானும் பரணிலிருந்து விழுந்ததுபோல டிரம்ஸ் விழும். தங்கை டேப்ரெக்கார்டரைத் தூக்கிச் சுவரில் அடித்தாள்.

மூடி உடைந்தது, கேசட் தப்பித்தது. மறுபடி போட வேண்டாம் என்றுதான் நினைத்தோம். ஆனால் மறுநாள் அவளே கேசட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். பாட்டு அந்த இடத்தை நெருங்கியதும் அம்மா வேலையைப் போட்டுவிட்டு வந்து, பஞ்சுத் தூசு படிந்த இரண்டு கைகளாலும் அவள் காதைப் பொத்தினாள். நிறுத்தம் வந்தது, இடி விழுந்தது. கையை எடுத்ததும் தங்கை சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்து நாங்கள் அதிகம் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு அது அவர்கள் இருவருக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. அந்த இடம் வரப்போகிறது என்பது தங்கைக்கு முன்கூட்டியே தெரியும். அம்மாவின் கைகளைத் தானே பிடித்து இழுத்துக் காதில் வைத்துக்கொள்வாள். யாரும் தொட்டால் ஆகாதவள், கேட்டு வாங்கிய ஒரே தொடுதல் அது. நான் கிளம்பிப் போய்விடுவேன். பாட்டு அங்கேயே இருந்தது.

அம்மா இறந்தது தறியில் நின்றபடிதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், அவ்வளவுதான். நான் அப்போது கோயமுத்தூரில் சரக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன், எல்லோரும் குட்டியானை என்று சொல்லும் சின்ன வண்டி. ஏற்றியிருந்த சரக்கோடு அப்படியே ஊருக்கு வந்தேன்.

எங்கள் பக்கம் தறிகாரர்களிடம் ஒரு வழக்கம். தெருவில் சாவு விழுந்தால் எடுக்கிறவரை தறியை நிறுத்திவிடுவார்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. அம்மா அந்தத் தெருவிலேயே ஆயுளைத் தறியில் கழித்தவள் என்பதால் அடுத்த தெருக்களிலும் நிறுத்தினார்கள். குடோன்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாவுக்கு நாங்க செய்யற மரியாதைங்க தம்பி. நாளைக்குக் காத்தாலதான் இனி சுவிட்சைப் போடறது. அக்கம்பக்கத்துலயும் சொல்லிப்போட்டேன். ஒரு தறி ஓடாது."

நான் அவரைக் கும்பிட்டேன். மனசார, கண்ணீரோடு கும்பிட்டேன். அன்றைக்குச் சோமனூரில் காக்கை கத்துவது கேட்டது. யாரோ சொம்பைக் கீழே வைக்கும் சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்டது.

தங்கை அம்மாவின் பக்கத்தில் உட்காரவில்லை. பின்சுவரிடம் போய் நின்றாள். காதை வைத்துப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் சுவரை அடிக்கத் தொடங்கினாள். டக்கு, டக்கு, டக்கு. விடாமல், ஒரே இடைவெளியில். கை சிவந்து, தோல் பிய்ந்து, சுண்ணாம்பில் ரத்தக்கறை படும்வரை அடித்தாள். பெண்கள் நாலைந்து பேர் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கையை விடுவித்தால் அடித்தாள். பிடித்துக்கொண்டால் தலையை மோதினாள்.

"பெத்தவ போன வெசனம் பாருங்க," என்று பக்கத்து வீட்டு அக்கா அழுதார். "பேச்சு வராட்டி என்னுங்க, பாசம் இல்லாமப் போயிருமா? உடு கண்ணு, உடு அம்மணி, அடிச்சுக்காத. உங்கொம்மா இனி வர மாட்டா."

நானும் அதையே நம்பினேன். பாவிக்கு ஒன்றும் புரியாது என்று பயந்திருந்தேன், புரிந்துவிட்டதே என்று அழுகைக்கு நடுவே ஒரு ஆறுதல்கூட இருந்தது. அவள் கைகளைத் துண்டால் கட்டி, எடுக்கிறவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பக்கத்து வீட்டு அக்கா கொஞ்ச காலம் அவளுக்குச் சோறு போட்டுப் பார்த்துக்கொண்டார். குடோன்காரருக்குத் தொழில் கட்டுப்படியாகவில்லை. தறிகளை இரும்புக்குப் போட்டுவிட்டு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார். வரிசை வீடுகளை இடித்தார்கள். அக்கா திருப்பூருக்கு, மகள் வீட்டோடு போனார். போகும்போது என் தங்கையின் துணிகளைத் துவைத்து மடித்து வைத்துவிட்டுத்தான் போனார்.

தங்கையைக் கோயமுத்தூருக்குக் கூட்டிவந்தேன். நான் இருந்தது காந்திபுரத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. பஸ் ஹாரன், பக்கத்து அறை டிவி, மாடியில் அம்மிக்கல். அவள் அலறுவதைக் கேட்டு வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து நல்லவிதமாகச் சொன்னார். மூன்றாவது முறை, "எனக்கும் மத்த குடித்தனக்காரங்க இருக்காங்க, பாருங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. பகலில் அவளை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு போனேன். டீசல் என்ஜினின் ஆட்டம் அவளுக்குப் பிடித்திருந்தது. சரக்கு இறக்கும் இடத்திலும் என்ஜினை நிறுத்த மாட்டேன், நிறுத்தினால் டேஷ்போர்டை அடிப்பாள்.

அந்தப் பாட்டு இப்போது போனில் இருந்தது. தினமும் போடச் சொல்வாள். போனை எடுத்து என் மடியில் வைப்பாள், அதுதான் சொல்வது. முதல் நாள் அந்த இடம் நெருங்கியபோது நான் அவிநாசி சாலையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் என் பக்கம் திரும்பி, ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த என் கையை இழுத்தாள். வண்டி ஒரு பக்கமாக விலகி ஓடியது. பின்னால் வந்தவன் ஹாரனை அலறவிட்டுத் திட்டிக்கொண்டே போனான். ஓரங்கட்டினேன். இரண்டு கைகளையும் கொடுத்தேன். எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அம்மாவின் கைக்குப் பிறகு என் கை.

அன்றிலிருந்து பாட்டு அந்த இடத்துக்கு வரும் முன் வண்டியை ஓரங்கட்டுவேன். பல்லடம் ரோடாக இருந்தாலும் சரி, மேம்பாலத்தின் அடியாக இருந்தாலும் சரி. இடி விழுந்ததும் அவள் சிரிப்பாள், நான் கியரைப் போடுவேன். அப்படியே இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நாள் நான் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது லாரி ஒன்று பக்கத்தில் ஏர் ஹாரன் அடித்தது. அவள் கதவைத் திறந்து ரோட்டில் ஓடினாள். ஒரு பஸ் அவளுக்கு மிக அருகில் வந்து நின்றது. அதன் பிறகுதான் காங்கேயத்து இல்லத்தைப் பற்றி விசாரித்தேன்.

"இங்க சத்தமே இல்லீங்க அண்ணா," என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். முப்பது வயது இருக்கும், ஊத்துக்குளிப் பக்கத்துப் பெண். "ரோடு தள்ளி இருக்குது. இந்த அமைதிக்காகத்தானுங்க இந்தத் தோப்பைப் புடிச்சதே."

தோப்பு உண்மையிலேயே அமைதியாக இருந்தது. என் தங்கை வந்த நிமிடத்திலிருந்து ஆடிக்கொண்டும் மரத்தை அடித்துக்கொண்டும் இருந்தாள். புது இடம் அல்லவா என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

பாட்டைச் சோதித்துப் பார்க்க டீச்சர் எங்கள் இருவரை மட்டும் கூடத்தில் உட்காரவைத்தார். டிரம்ஸ் தொடங்கியதும் தங்கையின் ஆட்டம் நின்றது. துண்டைக் கழற்றி மடியில் வைத்தாள். கிட்டார் கத்தும் இடத்தில் டீச்சர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்; அவள் அசையவில்லை. நிறுத்தம் நெருங்கியதும் அவள் என் கைகளை எடுத்தாள்.

டீச்சர் பாட்டை நிறுத்தாமல் முழுதும் ஓடவிட்டார். பிறகு, "அந்த டமார்தான் பிரச்சினைன்னா, மறுக்கா போட்டு அங்க வால்யூமைக் குறைச்சுப் பாக்கறேன். இந்த ஒருக்கா நீங்க கையைக் குடுக்காதீங்க அண்ணா. பின்னால போய் நில்லுங்க," என்றார்.

சுவரோரமாகப் போய் நின்றேன். டீச்சர் சத்தத்தைக் குறைத்தார். இடி, பூனை நடப்பது போல வந்தது. ஆனால் அதற்கு முன்பே, அந்த ஒரு மூச்சு நேரத்திலேயே, தங்கை பெஞ்சிலிருந்து சரிந்து தரையைக் கையால் அடிக்கத் தொடங்கியிருந்தாள்.

டீச்சர் அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மூன்றாவது முறையாகப் போட்டார். இம்முறை சத்தத்தை அப்படியே முழுதாக விட்டார். நிறுத்தம் வந்தபோது, டிரம்ஸின் அதே இடைவெளியில், மேஜையை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். டக்கு, டக்கு. இடி பலமாக விழுந்தது. என் தங்கை அசையவில்லை.

"ஓடுது," என்றாள்.

"இந்தப் பாட்டுல சத்தம் இல்லீங்க அண்ணா இவங்களுக்கு ஆகாதது," என்றார் டீச்சர் மெதுவாக. "ஓடிக்கிட்டு இருக்கறது நிக்கறதுதான். காதைப் பொத்துனா உள்ளுக்குள்ள ஒரு இரைச்சல் ஓடுதில்லீங்க, அதுலதான் அந்த நிறுத்தத்தைத் தாண்டியிருக்காங்க. நாங்க இவங்களைக் கொண்டுவந்து இந்தத் தோப்புல உக்கார வெச்சுட்டு, அமைதியா இருக்குதுன்னு பெருமை பேசிக்கிட்டு இருக்கறோம் பாருங்க."

அவர் மேலும் ஏதோ சொன்னார். நான் கேட்கவில்லை. எனக்குச் சோமனூர் வீட்டின் பின்சுவர் தெரிந்தது. சுண்ணாம்பில் அவள் கை பட்ட கறை தெரிந்தது. ஊரே மரியாதைக்காகத் தறியை நிறுத்திவிட்டு வாசலில் தலைகுனிந்து நின்ற நேரத்தில், அவள் ஒருத்தி தன் கையால் அதை ஓட்டப் பார்த்திருக்கிறாள். நாங்கள் அந்தக் கையைக் கட்டிப்போட்டோம். எல்லோருமே நல்லதைத்தான் செய்தோம். ஒரு சுவிட்சைப் போட்டிருந்தால் போதும். அம்மா இருந்திருந்தால் போட்டிருப்பாளோ என்னவோ, அவள்தான் நடுவீட்டில் படுத்திருந்தாள்.

"டீச்சர், சித்த வெளிய போயிட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குள் போய் நின்றேன்.

பாட்டு இப்படியே ஆகாது, ஆனால் ஆகவைக்கலாம் என்பது டீச்சரின் முடிவு. அந்த நிறுத்தத்தை வெட்டி இரண்டு பக்கத்தையும் ஒட்டவேண்டும். இன்னொன்றும் இருந்தது. அங்கே ஒரு பெரியவர் இருந்தார், கூர்மையான சத்தம் எதுவானாலும் காதில் விரலை விட்டு ரத்தம் வரும்வரை குடைவார். அவருக்காகக் கிட்டாரின் கூர்மையை மழுக்க வேண்டும்.

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் எனக்குத் தெரிந்த ஒரு பாய் இருந்தார். டேப்ரெக்கார்டர் ரிப்பேரில் தொடங்கி, இப்போது கம்ப்யூட்டரில் கல்யாண வீடியோவுக்குப் பாட்டு வெட்டி ஒட்டித் தருகிறவர். பாட்டைப் போட்டதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். முழுதாகக் கேட்டு முடிக்கும்வரை என்னைப் பேசவிடவில்லை.

"இதுலயா கை வைக்கச் சொல்றீங்க? தம்பி, இந்தப் பாட்டைக் கேக்கறவன் பூராப் பேரும் அந்த ஒரு எடத்துக்காகத்தான் உக்காந்திருப்பான். நின்னு... அப்பறம் உழுகுது பாருங்க! அதை எடுத்துட்டா இது பாட்டில்ல, மோட்டாரு."

"எனக்கு மோட்டாருதானுங்க பாய் வேணும்."

"அப்ப ஊட்டுல கிரைண்டரைப் போட்டு ரெக்கார்டு பண்ணிக்கங்க. எதுக்கு அந்த வெள்ளைக்காரன் பொழப்பைக் கெடுக்கறீங்க?"

யாருக்காக என்று சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். ரோட்டுச் சத்தம் குறைந்தது. வெட்டி ஒட்டிய இடம் காதில் தட்டக்கூடாது என்று மறுபடி மறுபடி கேட்டுச் சரிசெய்தார். நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்து, "இங்க தட்டுதா, சொல்லுங்க" என்பார். தட்டவில்லை. அங்கே ஏதோ இருந்தது என்பதற்கு அடையாளமே இல்லை.

"முழுசையும் அழிச்சுப்போடாதீங்க," என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். "அதையும் உங்க போன்லயே வெச்சிருக்கேன். மேல இருக்கறது வெட்டுனது, கீழ இருக்கறது முழுசு."

மறுநாள் காலை கூடத்தில் எல்லோரோடும் போட்டார்கள். என்னை வாசற்கதவுக்கு வெளியே, அவள் கண்ணில் படாமல் நிற்கச் சொன்னார் டீச்சர். பாட்டு தொடங்கியது. காது குடையும் பெரியவர் விரலைத் தூக்கினார். கிட்டார் மொக்கையாக வந்து போனதும் விரலை இறக்கினார். பிறகு அந்த இடம் வந்தது. அதாவது, வரவேண்டிய நேரம் வந்தது.

என் தங்கையின் கைகள் எழுந்தன. பக்கவாட்டில் நீண்டு, அங்கே இருக்கவேண்டிய கைகளைத் தேடின. பெஞ்சில் துழாவின, காற்றில் துழாவின. டிரம்ஸ் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றும் நிற்கவில்லை, ஒன்றும் விழவில்லை. அவள் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் மடிக்குத் திரும்பின. அவள் அலறவில்லை. அடிக்கவில்லை.

டீச்சர் கதவோரம் வந்து, சந்தோஷமாக, "செட் ஆயிருச்சுங்க அண்ணா" என்றார்.

"ஆமாங்க," என்றேன்.

டீச்சர் ஒரு பழைய கிரைண்டரை வாங்கி அவள் அறைக்கு அடுத்த அறையில் போட்டுப் பகலெல்லாம் வெறுமனே ஓடவிட்டார். தோப்பின் அமைதியைக் கெடுக்கிறதே என்று அங்கே சமைக்கும் அம்மா முணுமுணுத்தார். "ஏனுங்க டீச்சர், மாவும் இல்லாம அரிசியும் இல்லாம இந்தக் கல்லு யாருக்குங்க சுத்துது?" என்று நான் இருக்கும்போதே கேட்டார். என் தங்கை சுவரில் முதுகைச் சாய்த்துத் தூங்கினாள். ஒரு வாரம் தாண்டியது. இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

காங்கேயத்துப் பக்கம் சரக்குக் கிடைக்கும்போதெல்லாம் போகிறேன். அடுத்த முறை போனபோதும் கைகள் எழுந்தன, ஆனால் துழாவவில்லை. அதற்கடுத்த முறை மடியில் இருந்தபடியே விரல்கள் மட்டும் விரிந்து மூடின. நான் கதவுக்குப் பின்னால் நின்று அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் போனேன். பாட்டு அந்த இடத்தைக் கடந்து போனது. விரல்கள் அசையவில்லை. அங்கே ஒன்று இருந்ததே அவளுக்கு மறந்துவிட்டது.

அன்று பாட்டு முடிந்ததும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கூடம் காலியாகிவிட்டது. உடம்பு தேறியிருந்தாள். தலையில் துண்டு இல்லை, இப்போதெல்லாம் கட்டுவதில்லையாம். உள்ளங்கைத் தோல் ஆறி, மழமழப்பாக இருந்தது. நான் போனை எடுத்தேன். மேலே இருப்பது வெட்டியது, கீழே இருப்பது முழுசு. என் விரல் கீழே இருப்பதன் மேல் நின்றது.

போட்டால் அவள் பயப்படுவாள். பயந்தால் என் கையைத் தேடுவாள். தேடினால் இதோ இருக்கிறது கை, கொடுப்பேன். இடி விழுந்ததும் ஒருவேளை சிரிப்பாள். நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று.

டீச்சர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன நினைக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "உங்க தங்கச்சி, நீங்கதானுங்க அண்ணா பாத்துச் செய்யோணும்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த அறையில் கிரைண்டர் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. நான் போனைச் சட்டைப்பையில் போட்டேன். அவள் என் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓடுதா கண்ணு?" என்றேன்.

"ஓடுது," என்றாள்.

வண்டியை நிழலில் நிறுத்தியிருந்தேன், என்ஜினை நிறுத்தவில்லை. அவள் பார்க்காத இடத்தில்தான் நிறுத்தியிருந்தேன். ஆனாலும் பழக்கம் போகவில்லை. ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டேன்.